ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு போதுமா?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் வீட்டு அடுப்படியில் பிறந்த பழமொழி. அடுப்படிக்கு அது ரொம்பச் சரி. அரிசி ஒரே ரகம், பானை ஒரே பானை, கொதி ஒரே கொதி. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் மற்றவை வெந்ததா, வேகவில்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் அதே பானையில் பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலந்து கிடந்தால்? ஒரு பருக்கை குழைந்திருக்கும். பக்கத்துப் பருக்கை அரைவேக்காடாக நிற்கும். நம் கையில் எது அகப்பட்டதோ அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வோம். பழமொழி அங்கே காலை வாரிவிடும்.

இந்தப் பழமொழியை நம் லேப்களில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு. கருவி ஆயிரம் எண்களைத் தருகிறது. நாம் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடுகிறோம். அது ஏன் தவறு, அதற்கு மாற்று என்ன என்பதை ஓர் உதாரணத்தை வைத்துச் சொல்ல இந்த ஆண்டு மலரில் இடம் கேட்டேன். கொடுத்த பேரவைத் தம்பி தங்கைகளுக்கு நன்றி.

என்னைப் பற்றி இரண்டு வரி. இதே பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமோ முடித்தவன். இப்போது ஒரு பல்கலைக்கழகக் கருவி ஆய்வகத்தில் டெக்னிக்கல் அசிஸ்டெண்ட். என் பொறுப்பில் இருப்பது ஃப்ளூரிமீட்டர் என்கிற உடனொளிர்வு அளக்கும் கருவி. ஆராய்ச்சி மாணவர்கள் சாம்பிளோடு வருவார்கள். நான் முழு நிறமாலையும் எடுத்துக் கொடுக்கப் போனால், "அண்ணே, அவ்வளவு வேண்டாம்ணே. அந்த ரெண்டு பீக் மட்டும் சொல்லுங்க, போதும்" என்பார்கள். அந்த 'போதும்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

சோப்புக்குள் ஒரு ஊர்

உதாரணத்துக்கு வருகிறேன். சோடியம் டோடெசில் சல்ஃபேட், சுருக்கமாக எஸ்.டி.எஸ். நாம் பல் தேய்க்கும் பேஸ்ட்டிலும் தலைக்குப் போடும் ஷாம்பூவிலும் நுரை தருகிற சர்ஃபக்டன்ட் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். 12 கார்பன் நீளமுள்ள வாலுக்குத் தண்ணீர் ஆகாது. கொஞ்சமாகக் கரைத்தால் மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரியும். 25 டிகிரி செல்சியஸில், லிட்டருக்குச் சுமார் 8 மில்லிமோல், அதாவது ஏறத்தாழ இரண்டே கால் கிராம் தாண்டியதும் ஒரு விசித்திரம் நடக்கும். வால்களெல்லாம் உள்ளே, தலைகளெல்லாம் வெளியே என்று சுமார் 60 மூலக்கூறுகள் ஒன்றுகூடி உருண்டையாகிவிடும். இந்த உருண்டைதான் மிசெல். இது தொடங்கும் செறிவைத்தான் மாறுநிலை மிசெல் செறிவு, சி.எம்.சி. என்கிறோம்.

சோப்புக் கரைசலில் மூலக்கூறுகள் இப்படிக் கூட்டம் சேர்கின்றன என்று இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்த மெக்பெயின் 1913-இல் சொன்னார். அந்தக் கூட்டம் உருண்டை வடிவம் என்ற படத்தை 1936-இல் ஹார்ட்லி கொடுத்தார். துணியின் எண்ணெய்க் கறை போவது இந்த உருண்டைக்குள் புகுந்துதான். தண்ணீரில் கரைய மறுக்கும் மருந்தை ஊசிக்குள் கொண்டுவருவதற்கும் இதே வழி உண்டு. பாக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து தண்ணீரில் கரையாது. அதைச் சர்ஃபக்டன்ட் துணையோடுதான் முதலில் ஊசி மருந்தாக்கினார்கள்.

இப்போது கேள்வி: மிசெலுக்குள் போன கரைபொருள் எங்கே உட்கார்ந்திருக்கிறது? எண்ணெய் போன்ற நடுவிலா, தண்ணீர் படுகிற ஓரத்திலா? எல்லாம் உள்ளே போய்விட்டதா, இல்லை பாதி இன்னும் வெளியே தண்ணீரில் நிற்கிறதா? இது வெறும் புத்தகக் கேள்வி இல்லை, நண்பர்களே! நடுவில் இருக்கும் மருந்து ஒரு வேகத்தில் வெளிவரும்; ஓரத்தில் இருப்பது வேறு வேகத்தில் வெளிவரும். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மருந்து தயாரிப்பது, கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் வீடு கட்டுவது மாதிரி.

வெளிச்சம் சொல்லும் சாட்சி

மிசெலின் குறுக்களவு நான்கு நானோமீட்டர் அளவுதான். கண்ணால் பார்க்க வழியில்லை. அங்கே ஒரு சாட்சியை அனுப்பி, அது சொல்வதைக் கேட்க வேண்டும். அந்தச் சாட்சிதான் உடனொளிரும் மூலக்கூறு.

உடனொளிர்வு என்றால் பயப்பட வேண்டாம். டிடெர்ஜென்டில் துவைத்த வெள்ளை வேட்டியை, ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா விளக்கின் கீழே பிடித்துப் பாருங்கள். நீலமாக ஜொலிக்கும். டிடெர்ஜென்டில் கலந்திருக்கும் வெண்மையூட்டிச் சாயம், கண்ணுக்குத் தெரியாத ஒளியை விழுங்கி, அதைவிட நீளமான அலைநீளத்தில் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது. இதற்கு 'ஃப்ளூரசன்ஸ்' என்று 1852-இல் பெயர் வைத்தவர் ஸ்டோக்ஸ்.

மிசெல் ஆராய்ச்சியில் பேர் பெற்ற சாட்சி பைரீன். நிலக்கரித் தாரிலும் புகைக்கரியிலும் இருக்கும் நான்கு வளையச் சேர்மம். தண்ணீர் அதற்கு அறவே பிடிக்காது. மிசெலைக் கண்டால் உள்ளே ஓடிவிடும். அதன் நிறமாலையில் வரிசையாகச் சில சிகரங்கள் உண்டு. முதல் சிகரம் 373 நானோமீட்டர் அருகே, மூன்றாவது 384 அருகே. சுற்றுப்புறம் தண்ணீரைப் போல முனைவுத்தன்மை மிக்கதாக இருந்தால் முதல் சிகரம் ஓங்கும். எண்ணெயைப் போல இருந்தால் அது தாழும். முதல் சிகரத்தை மூன்றாவதால் வகுத்தால் தண்ணீரில் சுமார் 1.8, எஸ்.டி.எஸ். மிசெலில் சுமார் 1.1, ஹெக்சேன் போன்ற எண்ணெய்த் திரவத்தில் சுமார் 0.6 வரும்.

இந்த விகிதத்தை மிசெல்களுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டிய கட்டுரை 1977-இல் அமெரிக்கக் கெமிக்கல் சொசைட்டியின் இதழில் வந்தது. எழுதியவர்கள் கல்யாணசுந்தரம், தாமஸ் இருவரும். அந்தக் கல்யாணசுந்தரம் யார் தெரியுமா? பின்னாளில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒளிவேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டே, 1998 பொங்கலன்று தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தாரே, அவரேதான்! நம் பாட்டனார் ஏடுகளைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியவரும், மிசெலுக்குள் பைரீனின் சாட்சியைப் படித்தவரும் ஒருவரே என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த விகிதத்தை நான் குறை சொல்லவில்லை. சி.எம்.சி. எங்கே என்று கண்டுபிடிக்க அதைப் போல எளிய வழி கிடையாது. ஆனால் 'கரைபொருள் எங்கே இருக்கிறது' என்ற கேள்விக்கும் அந்த ஒற்றை எண்ணையே பதிலாக எழுதும்போதுதான் வம்பு.

இரண்டு பேர் சொன்னதை ஒருவர் சொன்னதாக எழுதலாமா?

ஒரு கரைசலில் விகிதம் 1.33 என்று வருகிறது என்று வையுங்கள். நம்மாள் உடனே அட்டவணையைப் பார்ப்பார். மெத்தனாலில் கிட்டத்தட்ட இதே எண். "ஆகா, பைரீன் மெத்தனால் போன்ற இடத்தில், மிசெலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்.

ஆனால் இன்னொரு வழியிலும் 1.33 வரும். தண்ணீரில் நிற்கும் பைரீனின் ஒளி ஒரு பங்கு, மிசெலுக்குள் இருக்கும் பைரீனின் ஒளி இரண்டு பங்கு. விளக்குவதற்காக நானே போட்ட எண்கள் இவை. தண்ணீரில் முதல் சிகரம் 180, மூன்றாவது 100. மிசெலில் முதல் சிகரம் 110, மூன்றாவது 100. ஒரு பங்கும் இரண்டு பங்கும் சேர்த்தால் 400, 300. வகுத்தால் 1.33! ஓரத்தில் ஒரு ஆள்கூட இல்லை. ஆனாலும் எண் 'ஓரம்' என்கிறது. வகுப்புச் சராசரி 50 என்றால் எல்லோரும் 50 வாங்கினார்கள் என்று அர்த்தமா? பாதிப் பேர் 90, பாதிப் பேர் 10 என்றாலும் சராசரி 50தான். அந்தப் 10 வாங்கியவனுக்கு டியூஷன் வேண்டும் என்று சராசரி சொல்லாது.

இந்த இரண்டு நிலைகளையும் எப்படிப் பிரிப்பது? விகிதம் தராத பதிலை மூன்றாவது அலைநீளம் ஒன்று தரும். அந்த அலைநீளத்தில் தண்ணீர்ப் பைரீன் 90, மிசெல் பைரீன் 80 என்று வைப்போம். கலவை என்றால் அங்கே 90 கூட்டல் இரண்டு எண்பது, அதாவது 250 வந்தாக வேண்டும். இப்போது மூன்று வரிசைகளை அடுக்குங்கள்:

180, 100, 90
110, 100, 80
400, 300, 250

முதல் வருடக் கணக்கில் படித்த டிடெர்மினன்ட் போட்டுப் பாருங்கள். சரியாகப் பூஜ்யம் வரும்! மூன்றாவது வரிசை புது ஆள் இல்லை, முதல் இரண்டின் கூட்டுதான் என்று அர்த்தம். அதே இடத்தில் 250-க்குப் பதில் 270 வந்திருந்தால்? விகிதம் அதே 1.33தான். ஆனால் டிடெர்மினன்ட் 1,40,000. பூஜ்யம் இல்லை. அப்படியானால் மூன்றாவதாக வேறொரு இடம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு எண் மறைத்ததை மூன்று எண்கள் காட்டிக் கொடுத்துவிட்டன, பார்த்தீர்களா?

"டிடெர்மினன்ட், மேட்ரிக்ஸ் எல்லாம் எதுக்கு சார்? வேலைக்குப் போனா யாரு கேக்கப் போறா?" என்று வகுப்பில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பானையில் எத்தனை ரக அரிசி என்று சொல்லும் கணக்கு அது.

முழு அட்டவணையும் பேசட்டும்

வேடிக்கை என்னவென்றால், அதே 1977-இல்தான் இந்த வழியும் அச்சில் வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஐசையா வார்னர், கிறிஸ்டியன், டேவிட்சன், காலிஸ் நால்வரும் 'அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கொடுக்கும் ஒளியின் அலைநீளத்தையும் மாற்று, வெளிவரும் ஒளியின் அலைநீளத்தையும் மாற்று, எல்லா அளவுகளையும் ஒரே அணியாக அடுக்கு, பிறகு அந்த அணியின் தரத்தைக் கேள் என்றார்கள். 'தரம்' என்றால் அணிக்கணக்கில் வரும் தரம். அணிக்குள் ஒன்றையொன்று சாராத வரிசைகள் எத்தனை என்ற எண்ணிக்கை. கரைசல் நீர்த்ததாக இருந்தால், எத்தனை வகை ஒளிரும் பொருட்கள் உள்ளனவோ அத்தனைதான் தரம். வார்னர் பிற்காலத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய் மிசெல், சைக்ளோடெக்ஸ்ட்ரின் போன்ற ஊடகங்களிலேயே நிறைய வேலை செய்தார்.

எஸ்.டி.எஸ். செறிவை மாற்றிக்கொண்டே போனாலும் இதே கணக்குத்தான். 360 முதல் 560 நானோமீட்டர் வரை ஒவ்வொரு நானோமீட்டருக்கும் ஒரு அளவு என்றால் ஒரு நிறமாலைக்கு 201 எண்கள். 15 செறிவுகளுக்கு 3,015 எண்கள். விகிதம் மட்டும் போதும் என்பவர் இதில் 30-ஐ வைத்துக்கொண்டு 2,985-ஐத் தூக்கிப் போடுகிறார். கருவிக்குக் கரண்டு செலவு, விளக்குக்கு ஆயுள் செலவு, நமக்கு நேரச் செலவு. எல்லாம் செய்து எடுத்த எண்களை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குப்பையில் போடுவது எந்த ஊர் நியாயம்?

நிஜமான அளவுகளில் சின்னச் சின்ன இரைச்சல் இருக்கும். டிடெர்மினன்ட் சரியாகப் பூஜ்யம் ஆகாது. அதற்குத்தான் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு. கார்ல் பியர்சன் 1901-இல் தொடங்கி, ஹோட்டலிங் 1933-இல் வளர்த்த முறை. அட்டவணை முழுவதையும் வாங்கிக்கொண்டு, 'இதில் பெரிய மாறுதல் இது, அடுத்த மாறுதல் இது' என்று பிரித்து வரிசைப்படுத்தித் தரும். முதல் இரண்டு கூறுகள் பெரிதாக நின்று, மூன்றாவதிலிருந்து வெறும் இரைச்சல் என்றால், இரண்டு இடம்தான். மூன்றாவதும் தலை தூக்கினால், ஏன் என்று தேட வேண்டும். ஒரே மிசெலுக்குள் இரண்டு பைரீன் மாட்டிக்கொண்டால் இரண்டும் சேர்ந்து எக்சைமர் என்ற ஜோடியாகி 470 நானோமீட்டர் பக்கம் அகலமான ஒளி தரும். விகிதம் மட்டும் பார்ப்பவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அட்டவணை பார்ப்பவருக்கு அது தானாக வந்து நிற்கும்.

இப்படிப் பல மாறிகளை ஒன்றாகப் பார்க்கும் பன்மாறிப் பகுப்பாய்வு அந்நியச் சரக்கு என்று நினைக்காதீர்கள். இரண்டு கூட்டங்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைப் பல அளவுகளைச் சேர்த்து ஒரே தூரமாகச் சொல்லும் வழியை 1936-இல் தந்தவர் கல்கத்தாவின் மஹலநோபிஸ். உலகம் முழுக்க இன்றும் அவர் பெயரில்தான் அந்தத் தூரம் வழங்குகிறது.

கம்ப்யூட்டர் சொன்னால் வேதவாக்கா?

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லாவிட்டால் நான் ஒருபக்க வக்கீல் ஆகிவிடுவேன். அட்டவணையைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் எதையாவது பிரித்துக் கொடுத்துவிடும். அது கொடுத்ததெல்லாம் வேதியியல் ஆகாது.

ஒன்று. கரைசல் அடர்த்தியானால், கொடுத்த ஒளியையே முன்வரிசை மூலக்கூறுகள் விழுங்கிவிடும். 'கூட்டினால் சரியாக வரும்' என்ற அடிப்படையே ஆடிப்போகும். இல்லாத கூறு ஒன்று இருப்பதாகத் தோன்றும். எனவே முதலில் நீர்த்த கரைசல், பிறகுதான் கணக்கு.

இரண்டு. 1928-இல் சர் சி.வி. ராமன் கண்டுபிடித்த விளைவு இங்கேயும் வந்து நிற்கும். 335 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீருக்குக் கொடுத்தால், தண்ணீரின் ராமன் பட்டை ஏறத்தாழ 378-இல் விழும். பைரீனின் சிகரங்கள் எங்கே? 373, 384. சரியாக நடுவில்! பைரீன் குறைவாக இருக்கும் கரைசலில் இது விகிதத்தையே கெடுக்கும். விகிதம் மட்டும் எடுப்பவருக்குத் தெரியவே தெரியாது. கொடுக்கும் ஒளியை மாற்றினால் ராமன் பட்டை கூடவே நகரும், பைரீன் சிகரம் நகராது. முழு அட்டவணை எடுத்தவர் அந்த ஆளை அடையாளம் கண்டு வெளியே அனுப்பிவிடலாம்.

மூன்று. இரண்டு கூறு என்று தெரிந்தாலும், அந்த இரண்டின் அசல் முகம் எது என்பது வேறு கேள்வி. இரண்டு பக்க அட்டவணைக்குப் பல விடைகள் பொருந்தும். எந்த ஒளியும் எதிர்மறையாக இருக்க முடியாது என்ற நிபந்தனையை வைத்து விடைகளின் எல்லையைச் சுருக்கலாம் என்று 1971-இல் லாட்டனும் சில்வெஸ்டரும் காட்டினார்கள். கொடுக்கும் ஒளி, வெளிவரும் ஒளி, சர்ஃபக்டன்ட் செறிவு என்று மூன்று பக்கமும் மாற்றி ஒரு கனசதுரமாக அடுக்கினால், பொதுவாக விடை ஒன்றே ஒன்றாக நிற்கும். 'பாராஃபேக்' என்ற இந்த முறைக்கு 1970-இல் வித்திட்டவர் ஹார்ஷ்மன். அவர் ஒலியியல் ஆராய்ச்சிக்காரர், வேதியியல்காரரே அல்ல!

எத்தனை கூறு என்று முடிவு செய்வது கடைசியில் மனிதன்தான். மிசெலின் இயல்பு தெரியாமல் கணக்கு மட்டும் போட்டால், மூன்றாவது சோறு ஒன்றைக் கற்பனையில் வடித்து இறக்கிவிடுவோம். அடிப்படை அறிவும் வேண்டும், அட்டவணையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளக்கூடாது.

இது நமக்கெதுக்கு?

"அண்ணே, இதெல்லாம் பிஎச்.டி. பண்றவங்க சமாச்சாரம். டிப்ளமோக்காரன் நமக்கெதுக்கு?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

நாளைக்கு நீங்கள் மருந்துக் கம்பெனியிலோ, சாயப்பட்டறையிலோ, டிடெர்ஜென்ட் தொழிற்சாலையிலோ தரக்கட்டுப்பாட்டு லேபில் நிற்கப்போகிறீர்கள். அங்கே அளவு எடுக்கப்போவது யார்? டாக்டர் பட்டம் பெற்றவர் மேல் மாடியில் ரிப்போர்ட் படிப்பார். எடுப்பது நீங்கள்தான்! எதை எழுதி வைப்பது, எதை விட்டுவிடுவது என்ற முடிவு உங்கள் பேனா முனையில் இருக்கிறது. நீங்கள் எழுதாமல் விட்ட எண்ணை எந்த மேதையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆனால் நம் பிராக்டிகல் வகுப்பில் என்ன பழகுகிறோம்? சி.எம்.சி. வரைபடம் போடும்போது இரண்டு நேர்கோடுகள் சந்திக்க வேண்டும். திருப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று புள்ளிகள் எந்தக் கோட்டிலும் உட்காராது. உடனே ரப்பர்! ரெக்கார்டு நோட்டில் அழகான கோடு, பக்கத்தில் சிவப்பு மையில் டிக். ஆனால் நண்பர்களே, அந்தப் புள்ளிகள் தப்பில்லை. மிசெல் ஒரே நொடியில் சுவிட்ச் போட்டதுபோல உருவாவதில்லை. ஒரு சிறிய இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. அந்த வளைவுதான் உண்மை, நேர்கோடு நம் வசதி. மாணவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கோட்டில் உட்காராத புள்ளியைக் காட்டினால் மார்க் குறையும் என்ற பயம் இருக்கிற வரை ரப்பர் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். மார்க் போடுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

பன்மாறிப் பகுப்பாய்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதி 'மிச்சம்'. கணக்குச் சொன்னதற்கும் கருவி சொன்னதற்கும் உள்ள வித்தியாசம். அதை ஒளிக்காமல் தனி அட்டவணையாகப் போட்டுப் பார்ப்பார்கள். மிச்சம் தாறுமாறாகச் சிதறியிருந்தால் நிம்மதி. அதில் ஒரு ஒழுங்கு தெரிந்தால், நாம் கவனிக்காத யாரோ உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். ரப்பர் போட்டு அழிக்கும் அதே இடத்தை இவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். எவ்வளவு பெரிய வித்தியாசம்!

என்ன செய்யலாம்?

"நம்ம காலேஜ்ல ஃப்ளூரிமீட்டர் ஏது?" என்பீர்கள். வேண்டாம். அணிக்கணக்குக்கு ஃப்ளூரசன்ஸும் ஒன்றுதான், நிறம் உறிஞ்சுவதும் ஒன்றுதான். நம் லேபில் ஃபில்டர் மாற்றும் கலரிமீட்டர் இருக்கிறது. மெத்திலீன் புளூ இருக்கிறது. எஸ்.டி.எஸ். வாங்கலாம். 12 குடுவைகளில் பூஜ்யத்திலிருந்து 16 மில்லிமோல் வரை எஸ்.டி.எஸ்.; எல்லாவற்றிலும் ஒரே அளவு மெத்திலீன் புளூ, நிறம் மெலிதாகத் தெரியும் அளவுக்கு. ஒவ்வொன்றையும் 8 ஃபில்டரிலும் அளந்தால் 96 எண்கள். மெத்திலீன் புளூ தனியாக நின்றால் 664 நானோமீட்டர் அருகே அதிகம் உறிஞ்சும். இரண்டு ஒட்டிக்கொண்டால் 610 பக்கம் நகரும். சி.எம்.சி.க்குக் கீழே சாயமும் எஸ்.டி.எஸ்.ஸும் கூட்டாகத் திரளும். மேலே போனால் மிசெலுக்குள் புகுந்து மறுபடி தனித்தனியாகும். ஒரே ஃபில்டரில் பார்த்தால் 'குறைந்தது, கூடியது' என்று மட்டும் தெரியும். 96 எண்களையும் சேர்த்துப் பார்த்தால் எத்தனை ரகம் என்று தெரியும். இரண்டு போதாது, மூன்று வேண்டும் என்று உங்கள் அட்டவணையே சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்!

கணக்குப் போட ஆக்டேவ், ஆர், பைத்தான் என்று காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள்கள் இன்று உண்டு. நம் கம்ப்யூட்டர் லேபே போதும்.

பேரவைக்கும் துறைகளுக்கும் என் கோரிக்கைகள் மூன்றே மூன்று.

முதலாவது, மேலே சொன்ன சோதனையை ஒரு பருவத்திலாவது கெமிக்கல் துறையும் கணிதத் துறையும் சேர்ந்து நடத்தட்டும். கணக்கு வாத்தியாரும் கெமிஸ்ட்ரி வாத்தியாரும் ஒரே மேஜையில் நின்றால் மேட்ரிக்ஸ் மீதான பயம் பாதி போய்விடும்.

இரண்டாவது, அப்சர்வேஷன் நோட்டில் பென்சிலும் ரப்பரும் கூடாது. எடுத்த எல்லா அளவும் பேனாவில் இருக்கட்டும். கோட்டில் உட்காராத புள்ளிக்கு எதிரே 'மிச்சம்' என்று ஒரு பத்தி போட்டு, ஏன் உட்காரவில்லை என்று ஒரு வரி எழுதட்டும்.

மூன்றாவது, அந்த ஒரு வரிக்கு மார்க் கொடுங்கள். அழகான கோட்டுக்குக் கொடுப்பதைவிட ஒரு மார்க் கூடக் கொடுங்கள்.

பொருந்தாத எண்ணை மறைக்காமல் எழுதுகிற பழக்கம் படிக்கும்போது வராவிட்டால் வேலைக்குப் போன பிறகு வராது. அங்கே அவசரம் இருக்கும், மேலதிகாரி இருப்பார், 'போதும்பா, ஒரு நம்பர் சொல்லு' என்ற குரல் இருக்கும். அந்தக் குரலுக்கு, "சார், ஒரு நம்பர் பத்தாது. இந்தாங்க முழு டேபிளும்" என்று நிமிர்ந்து சொல்லும் டிப்ளமோ எஞ்சினியர்கள் நம் பாலிடெக்னிக்கிலிருந்து வரட்டும். சிந்திப்போம், வரும் பருவத்திலேயே தொடங்குவோம்!